சாட்சிக்கு வந்த சாமி

அவையோர்களே, மித்ரன் என்றதும் "பாரசீகத்துச் சூரியக் கடவுள்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். நான் மறுக்கிறேன். அவன் முதலில் கொடுத்த சொல்லுக்குக் காவல்காரன். வெளிச்சம் பிறகு வந்து சேர்ந்த உத்தியோகம். பழைய ஈரானியப் புனித நூலான அவெஸ்தாவின் மொழியில் அந்தப் பெயருக்கே ஒப்பந்தம் என்றுதான் பொருள். துருக்கியில் போகஸ்கோய் என்ற ஊரில் கிடைத்த களிமண் பலகையைப் பாருங்கள்! கி.மு. 14ஆம் நூற்றாண்டு. இட்டைட்டு அரசனுக்கும் மித்தானி நாட்டு இளவரசனுக்கும் உடன்படிக்கை. சாட்சிக்கு அழைத்த தெய்வங்களில் மித்ரன் இருக்கிறான், வருணனும் இந்திரனும் இருக்கிறார்கள். ஈரக் களிமண்ணில் அதை அழுத்தி அழுத்தி எழுதினானே ஒருவன், ஆப்பெழுத்தில் (நம் ஊர் ஆப்பு இல்லை, பயப்படாதீர்கள்), அரசர்கள் பெயர் தெரிகிறது, அவன் பெயர் தெரியவில்லை. அவனை நான் விடமாட்டேன்.

"அவெஸ்தாவின் மிஹ்ர் யஷ்ட் என்ற துதியில் அவன் ஒளியோடு வருகிறானே?" என்பார்கள். வருகிறான். ஆனால் சூரியனுக்கு முன்னால் மலையேறி வருகிறான். முன்னால் வருகிறவன் எப்படிச் சூரியனாவான்? ஆயிரம் காது, பத்தாயிரம் கண் அவனுக்கு. எதற்கு? சொல் தவறுகிறவன் இருட்டைத்தான் தேடுவான், அதற்கு. கெட்டவனுக்குக் கொடுத்த வாக்கையும் மீறக்கூடாது என்கிறது அந்தத் துதி. இங்கே சிலர் நாற்காலியில் நெளிகிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்! ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்கு வாங்கத் தெரிகிறது, கொடுத்த வாக்கைக் காக்கத் தெரியவில்லை. பத்தாயிரம் கண்ணும் போதாதய்யா உங்களுக்கு!

சரி, ரோமுக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சிப்பாய்களும் சுங்கக்காரர்களும் குகை போன்ற அறைகளில் அவனைக் கும்பிட்டார்கள்; 1954இல் ரோமர் ஆண்ட லண்டன் மண்ணுக்குள்ளிருந்தே அவன் கோயில் ஒன்று வெளிவந்தது. பாரசீகத்திலிருந்து அப்படியே போன மதம் என்றார் ஆய்வாளர் ஃபிரான்ஸ் குமோன். 1971இல் மான்செஸ்டரில் நடந்த மித்ர ஆய்வு மாநாட்டில் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது, ஏனென்றால் ரோமக் கோயில்களில் மித்ரன் காளையைக் கொல்லும் காட்சி ஈரானிய நூல்களில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன், காளை ரோமுடையது. கல்வெட்டில் வெல்லமுடியாத சூரியன் என்றே அவனை அழைத்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் சிற்பத்தில் சூரியன் தனி ஆள்! மித்ரனோடு வலக்கை பற்றி நிற்கிறான். தீட்சை பெற்றவர்களுக்கே வலக்கை கோத்தவர்கள் என்று பெயர். இது ஒப்பந்தம் இல்லாமல் வேறென்ன?

அதே சொல்தான் வடமொழியில் நண்பனாகி, தமிழுக்கு மித்திரனாக வந்தது, 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரன் அதைத் தலைப்பில் ஏந்தியது. களிமண்ணில் எழுதிய அந்தப் பெயர் தெரியாதவனுக்கு இது தெரியாது. பலகையைக் காயவைத்துவிட்டுக் கை கழுவப் போயிருப்பான்.