அளவுச் சாப்பாடு



உணவு விடுதிகளில் 'அளவுச் சாப்பாடு' என்றெழுதிய பலகையைக் காண்கின்றோம். அதனை வறியார்க்குரியதென்று இகழ்ந்து முழுச் சாப்பாட்டுக்கே சீட்டு வாங்குகின்றோம். கொடுத்த காசுக்கு ஈடுசெய்ய வேண்டி, சாம்பாருக்கொரு முறை, இரசத்துக்கொரு முறை, மோருக்கொரு முறையெனச் சோறு கேட்கின்றோம். பொரியலோ ஒரு கரண்டியோடு நின்றுவிடுகின்றது. விடுதிக்காரரை நோவதேன்? நாம் கேட்பதையே அவர் இடுகின்றார்.

வள்ளுவனார் 'மருந்து' அதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறனை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். இந்நாட்டில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கு மேலென்று 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நம் குடும்பங்களுள் அந்நோயறியாத வீடு எத்தனை? தானியத்தினின்று பெறும் ஆற்றல் நூற்றுக்கு 45 பங்கினை மிகலாகாதென்பது 2024இல் ஐதராபாத்துத் தேசிய உணவூட்ட நிறுவனத்தார் வகுத்த நெறி.

ஆதலின் விடுதியில் அளவுச் சாப்பாடே கேண்மின். நமது ஆண்டுவிழாப் பந்தியிலும், கூட்டும் பொரியலும் இருமுறை வந்த பின்னரே சோற்றுக் கூடை மறுமுறை வருமாறு செய்ய விழாக்குழுவினரை வேண்டுகின்றேன்.