ஊசிக்கு எதுக்குப்பா கையெழுத்து?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

என் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 2021 பிப்ரவரியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கொரோனா ஊசி போட்டாங்கப்பா. அதுக்கு முன்னாடி ஒரு தாள்ல கையெழுத்து வாங்குனாங்க. ஊசிக்கு எதுக்குப்பா கையெழுத்து?"

போட்டது கோவாக்சின். நான் நுண்ணுயிரியல் படித்தவன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. இரண்டாவது ஊசிக்கு அம்மாவை வண்டியில் அழைத்துப் போனதே நான்தான். கொரோனாவுக்குக் கோமியம் குடிக்கச் சொன்னவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

கோவாக்சின் செய்த முறை பழையது, நம்பகமானது. புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் பிரித்தெடுத்துக் கொடுத்த வைரஸை, பாரத் பயோடெக் நிறுவனம் வீரோ செல்களில் வளர்த்தது. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் எடுக்கப்பட்டு, இன்றும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் அவை. வளர்ந்த வைரஸை பீட்டா புரோப்பியோலாக்டோன் என்ற வேதிப்பொருளால் செயலிழக்க வைப்பார்கள். உருவம் அப்படியே இருக்கும், பெருக முடியாது. அந்த உருவத்தை நம் உடல் அடையாளம் வைத்துக்கொள்ளும்.

முழுவதும் செத்ததா என்று சோதிப்பதுதான் இதில் பெரிய வேலை. 1955இல் அமெரிக்காவில் கட்டர் நிறுவனம் தயாரித்த போலியோ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் மிஞ்சிவிட்டது. சுமார் 200 பேருக்குக் கைகால் முடங்கியது. 10 பேர் இறந்தார்கள்.

இங்கே என்ன அவசரம் காட்டினார்கள் தெரியுமா? 2020 ஜூலை 2 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 12 மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதியது. நம் காட்டாங்குளத்தூரில் உள்ளதும் அதில் ஒன்று. ஆகஸ்ட் 15க்குள் தடுப்பூசியை மக்களுக்குக் கொண்டுவர வேண்டுமாம். அப்போது ஒரு மனிதருக்குக்கூட அந்த ஊசி போட்டுப் பார்க்கவில்லை. வைரஸுக்குச் சுதந்திர தினம் தெரியாது என்று விஞ்ஞானிகள் எதிர்க்க, அந்தத் தேதி போயிற்று.

நவம்பரில் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது. சுமார் 25,800 பேர். பாதிப் பேருக்கு வைரஸ் இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. அறிவியலுக்கு அது தேவைதான். ஆனால் வருகிறவருக்கு அதைப் புரிய வைத்திருக்க வேண்டுமே!

போபாலில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி ஆட்களைச் சேர்த்தபோது, யூனியன் கார்பைடு ஆலையை ஒட்டிய குடிசைப் பகுதிகளிலிருந்து பலர் போனார்கள். 1984இல் விஷவாயுவைச் சுவாசித்த அதே பகுதிகள். கொரோனா தடுப்பூசி என்றார்கள், 750 ரூபாய் தந்தார்கள், சோதனை என்று சொல்லவில்லை, படிவத்தின் நகலும் தரவில்லை என்று அந்த மக்கள் சொன்னார்கள். கல்லூரி மறுத்தது. கூலி வேலை இல்லாத அந்த நாட்களில் 750 ரூபாய் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே, 2021 ஜனவரி 3 அன்று 'மருத்துவச் சோதனை முறையில்' என்ற நிபந்தனையோடு அரசு அனுமதி கொடுத்துவிட்டது. அதனால்தான் தோழர்களே, அந்தக் கையெழுத்து. இதன் செயல்திறன் இன்னும் நிறுவப்படவில்லை என்று அந்தப் படிவத்திலேயே எழுதியிருந்தது.

ஜனவரி 16, தடுப்பூசி இயக்கத்தின் முதல் நாள். டெல்லி எய்ம்ஸில் கேமராக்கள் முன் முதல் ஊசி போட்டுக்கொண்டவர் ஒரு தூய்மைப் பணியாளர். போட்டது கோவாக்சின். தூய்மைப் பணியாளருக்கு முன்னுரிமை வேண்டும்தான், யார் மறுத்தது? கையுறைக்கும் காலணிக்கும் வரிசையின் கடைசியில் நிற்பவர் அன்றைக்கு முதல் ஆள் ஆனார். அதே நாளில் அதே டெல்லியில், ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் தங்களுக்குக் கோவாக்சின் வேண்டாம், கோவிஷீல்டு கொடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முடிவு வராத மருந்தைப் பற்றி மருத்துவர் கேள்வி கேட்பது சரிதான். அப்படி ஒரு கடிதத்தை என் அம்மா எழுதியிருந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருந்திருக்குமா?

அந்த ஆண்டு நவம்பரில் முடிவுகள் லான்செட் இதழில் வந்தன. அறிகுறியோடு நோய் வந்தவர்கள் 130 பேர். வெறும் ஊசி போட்டவர்களில் 106, கோவாக்சின் போட்டவர்களில் 24. செயல்திறன் 77.8 சதவீதம். நல்ல முடிவுதான். "அதான் வேலை செஞ்சிருச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. ஜனவரியில் அது யாருக்கும் தெரியாது. தெரியாத அந்த நேரத்தில் யாருடைய கையை முதலில் நீட்ட வைத்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிறகொரு நாள் அந்தப் படிவத்தை இணையத்தில் தேடி எடுத்து அம்மாவுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். படித்து முடித்ததும் சொன்னார்: "இத அன்னைக்கே சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்பா. ஆனா சொல்லியிருக்கலாம்ல?"