இருதயத் தசை மீண்டும் தளிர்க்குமா?



ஒட்டன்சத்திரத்து முருங்கை வெட்டிய இடத்தில் தளிர்க்கின்றது. மடிந்த இருதயத் தசை அவ்வாறு தளிர்க்குமா என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இருதயத்திற்கு இரத்தம் ஊட்டும் குழாய் அடைபடின், அதனைச் சார்ந்த தசை மடிந்து தழும்பாகும். தழும்பு சுருங்கி விரியாது. நம் நாட்டு ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீனோ, இருதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை அறுத்தெடுப்பினும் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்ளும் என்று 2002-இல் அமெரிக்க அறிஞர் கண்டனர். மக்கட்கும் இவ்வாற்றல் சிறிது உண்டு. இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒரு பங்களவே தசையணுக்கள் புதியனவாகும் என 2009-இல் சுவீடன் தேயத்தார் கணித்தனர். நோய் தீர்க்க அஃது போதாது.

குருத்தணு என்னும் ஸ்டெம் செல் கொண்டு அக்குறையை நிரப்பும் முயற்சி இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உளது. இருதய நோய்க்கு அதனை ஆராய்ச்சிக்குப் புறம்பே அளித்தலை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை விலக்குகின்றது. ஆதலின், விளம்பரத்தை நம்பி நிலத்தை ஈடுவைத்தல் வேண்டா.

தளிராததை மடியாமற் காத்தலே நம் கடன். மார்பு நோவை வாயுவென்று எண்ணிச் சுக்குக் கஷாயத்தில் காலம் போக்கற்க. ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் தரப்படுகின்றன. உடனே அங்குச் சென்று, பின்னர்ப் பெரிய மருத்துவமனை சேர்க. தாழ்க்கும் நாழிகை ஒவ்வொன்றும் தசையைத் தின்னும்.