பாஸ்புக்கில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்

(சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குப் பின் நம் சங்க உறுப்பினர் பேசியது)

செயலாளர் சார் ஐந்து நிமிடம் என்றார். வங்கியில் இருந்தவன், கணக்குத் தப்பாது.

நம் கேட்டுக்கு எதிரே உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்குள் நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? ஓட்டுப் போடப் போயிருப்போம். அந்தப் பள்ளி மணிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் புகார் கூட வந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விழுப்புரமும் திண்டிவனமும் தண்ணீரில் நின்றன. நாம் இன்வெர்ட்டர், மோட்டார் என்று கவலைப்பட்டோம். எதிர்ப்புறத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகமே நனைந்துபோயிருந்தது. நானும் யோக்கியன் இல்லை. என் பிள்ளைகள் படித்தது மெட்ரிக் பள்ளியில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பிளாக்கில் வேலை செய்யும் அம்மா ஒருவர் மகளின் பாஸ்புக்கை என்னிடம் காட்டினார். அந்தப் பெண் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் தேர்வில் தேறியவள். ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய், ஆக மொத்தம் 48,000. ஆனால் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை.

பார்த்தால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, பாஸ்புக்கில் வெறும் இனிஷியல். அதை விடப் பெரிய சிக்கல், சின்ன வயதில் தொடங்கிய வேறொரு வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறது. கணக்கில் ஆதார் நம்பரைப் பதிவது வேறு, அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்கு இதுதான் என்று என்.பி.சி.ஐ. பட்டியலில் ஏற்றுவது வேறு. கடைசியாக எந்த வங்கியில் அப்படி ஏற்றினோமோ, அங்கேதான் பணம் போகும். அந்தப் பழைய கணக்கோ, இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடந்தது. இதை அந்த அம்மா எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதே பெண் நாளைக்குக் கல்லூரி சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அதற்கும் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திண்டிவனத்தில் நான் கவுண்டரில் இருந்தபோது இப்படி வந்த ஒரு அம்மாவை மூன்று முறை திருப்பி அனுப்பினேன். ‘பெயர் சரியில்லை, திருத்திட்டு வாங்கம்மா.’ ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. நான்காவது முறை அவர் வரவில்லை. விதிப்படி நான் செய்தது சரி. எங்கே போய் எதைத் திருத்துவது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

இல்லம் தேடிக் கல்வியை 2021 அக்டோபர் 27 அன்று நம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கினார்கள். கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாம் வாத்தியார்கள் இல்லை. பிளஸ் டூ, டிகிரி முடித்த ஊர்க்காரர்கள். நாம் பாடம் கூட எடுக்க வேண்டாம். நம் மூன்று பிளாக்கிலும் வங்கி, தபால் ஆபீஸ், தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள் இருக்கிறோம். படிவம் நிரப்பியே காலம் போனவர்கள்!

தலைமை ஆசிரியையிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு வகுப்பறை தருகிறார். பாஸ்புக்கையும் ஆதாரையும் ஒப்பிட்டு, எது தவறு, எங்கே திருத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்போம். முதல் முறை வங்கிக்குக் கூடவே போவோம். ஓ.டி.பி. யாரிடமும் கேட்கக் கூடாது, ஆதார் நகல் எதையும் நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. இதில் நான் கண்டிப்பு.

அந்தப் பெண்ணின் கணக்குக்கு இதுவரை இரண்டு நடை போயிருக்கிறோம். பெயர் திருந்திவிட்டது, இணைப்பு மாற மனு கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை.

வருகிறவர்கள் பேனாவும் மூக்குக் கண்ணாடியும் எடுத்து வாருங்கள். அங்கே இருப்பது பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு. முதுகுவலிக்காரர்கள் நாற்காலியும் கொண்டுவரலாம்.