தனித்து நிற்கும் செவி



அடிச்சுவடு பார்த்து விலங்கைத் தேடியது பழைய முறை. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த காக்ரன், லார்டு என்னும் அறிஞர் இருவர் புதுமுறை ஒன்றை வெளியிட்டனர். விலங்கின் உடலில் சிறியதோர் அலைபரப்பியைப் பூட்டி, அதன் துடிப்பைத் தொலைவிலிருந்து அலைவாங்கியாற் கேட்கும் முறை அது. விலங்கின் போக்கைச் செவியாற் காணும் காலம் அன்று பிறந்தது.

அச்செவியின் அருமையை ஓர் ஆற்றங்கரையிற் காண்க. 1990களில் ஐடகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொலம்பியா ஆற்றிலும் அதன் துணையாறாகிய சினேக்கு ஆற்றிலும் சால்மன் மீன்களின் இரைப்பையில் அலைபரப்பிகளை வைத்து விடுத்தனர். முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவரும் மீன் முதலில் முட்டுவது பானவில் அணை. மீனேணி வழியே அதனைக் கடந்தால் அடுத்த அணை, பின்னும் அணைகள்! சினேக்கு ஆற்றின் சாக்கை சால்மன் அழியும் நிலையிலுள்ள உயிரென 1991-இல் அறிவிக்கப்பெற்றது. அவ்வினமோ முட்டையிட்டபின் மடிவது. எந்த அணையில் மீன் தடுமாறிற்று, எங்கே நின்றுபோயிற்று என்பதைச் சொல்ல வல்லது அணையில் தனித்து நிற்கும் அலைவாங்கியே. மாண்ட மீன் மீண்டும் வாராது. அன்று எழுதப்படாத பதிவு என்றும் எழுதப்படாத பதிவே!

கேட்டதை அலைவாங்கி தன் நினைவகத்தில் எழுதி வைக்கும். நினைவகம் நிறைந்தால் புதிய பதிவுக்கு இடமிராது. ஆகவே உரிய காலத்தில் அதனைக் கணிப்பொறிக்குக் கொணர வேண்டும். ஆள் நேரே சென்று கம்பியில் இணைத்துக் கொணர்தல் ஒருவழி. மோடம் என வழங்கும் இணக்கியின் துணையால் தொலைபேசியில் அழைத்துக் கொணர்தல் மறுவழி. இரண்டிற்கும் அடிப்படை, குறிகளை ஒன்றன்பின் ஒன்றாக விடுக்கும் தொடர்முறைப் பேச்சேயாகும்.

1960-இல் வகுக்கப்பெற்று, 1969-இல் திருத்தப்பெற்ற ஆர்.எசு.-232 என்னும் செந்தரம் அப்பேச்சுக்கு வழக்கமான மின்முறை. கம்பியில் 3 முதல் 15 வோல்ட்டு வரை நேர்மின்னழுத்தம் இருப்பின் சுழி. அதே அளவு எதிர்மின்னழுத்தம் இருப்பின் ஒன்று.

பேசும் இருபாலும் ஒத்திருக்க வேண்டுவன யாவை? முதலாவது விரைவு. ஒருபால் நொடிக்கு 9600 குறி விடுக்க, மறுபால் 4800 என்று எண்ணிக் கேட்டால் திரையில் தோன்றுவது பொருளற்ற எழுத்துக்குவியலே. இரண்டாவது, ஓரெழுத்துக்கு எத்தனை குறி என்பது. 7 அல்லது 8. மூன்றாவது, பிழைகாட்டும் ஒற்றை இரட்டைக் காவற்குறி உண்டா இல்லையா என்பது. நான்காவது, நிறுத்தக்குறி எத்தனை என்பது. 8 குறி, காவற்குறி இன்மை, 1 நிறுத்தக்குறி என்பதே பெருவழக்கு. தொடக்கக்குறியும் சேர, ஓரெழுத்துக்கு 10 குறிகள். ஆகவே 9600 விரைவில் நொடிக்கு 960 எழுத்துகள் செல்லும். 100000 எழுத்துகள் இரண்டு மணித்துளிக்குள் வந்துசேரும். பழைய 300 விரைவிலோ 55 மணித்துளி கடக்கும்! அத்தனை பொழுதும் மின்கலம் கரைந்துகொண்டிருக்கும்.

இனிக் கம்பி. கணிப்பொறியும் இணக்கியும் எதிரெதிர் வகையின. ஒன்று விடுக்கும் இழையில் மற்றொன்று கேட்கும். எனவே அலைவாங்கியைக் கணிப்பொறியோடு பேசவைத்த அதே கம்பி இணக்கியின்முன் ஊமையாகும். கருவி பழுதென்று கைவிடற்க! விடுக்கும் இழையையும் வாங்கும் இழையையும் குறுக்கே மாற்றுக, பேச்சு பிறக்கும்.

இணக்கிக்கு ஆணையிடும் முறையை 1981-இல் ஏய்சு நிறுவனம் வகுத்தது. ஆணைகள் ஏ, டி என்னும் ஈரெழுத்தில் தொடங்கும். அணையில் ஆளில்லாதபோது அழைப்பை ஏற்பது யார்? இணக்கியே ஏற்க வேண்டும். எத்தனையாவது மணியில் ஏற்பது என்னும் எண் சுழியாக இருப்பின் அது வாளா இருக்கும். 1 என மாற்றினால் முதல் மணியிலேயே ஏற்கும். அமைத்ததை நிலைப்பதிவில் எழுதுதல் இன்றியமையாதது. எழுதாது விட்டால் ஒருமுறை மின்னோட்டம் அற்றதும் இணக்கி யாவற்றையும் மறந்துவிடும்.

கடிகாரத்தையும் மறவற்க. ஓரணையின் கடிகாரம் பிந்தினால் மீன் நீந்திய காலக் கணக்கே பிழையாகும். எல்லாம் முடிந்தபின், கருவியைவிட்டு அகலுமுன் வெளியிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார்த்தல் அறிவுடைமை.

இன்று பல இடங்களில் தொலைபேசிக் கம்பியின் இடத்தைக் கைப்பேசி அலையும் செயற்கைக்கோளும் ஏற்றுள்ளன. ஆயினும் பெட்டிக்குள் கருவியும் கருவியும் பல இடங்களில் இத்தொடர்முறையிலேயே இன்றும் பேசுகின்றன.

சொல்வோனும் கேட்போனும் ஒரே முறைமையில் நில்லாவிடில் எத்துணை உரக்கச் சொன்னாலும் அது இரைச்சலே. ஓர் உயிரினத்தின் இறுதிக் குரல் அவ்விரைச்சலில் அழிந்துபோகாமற் காப்பது, அமைப்போன் கைக்கொள்ளும் சில மணித்துளிப் பொறுமையேயாகும்!