தூக்கம் தரும் அரிப்பு மாத்திரை: யாருக்கு எவ்வளவு?

(நமது அறக்கட்டளையின் இலவச மருத்துவ முகாமில் நிகழ்த்தப்பட்ட உரை)





மழைக்காலத்தில் நமது முகாமுக்கு வருபவர்களில் பலர் தும்மல், மூக்கொழுகல், உடல் அரிப்பு என்றுதான் வருகிறார்கள். “வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா?” என்று கேட்டால், “வாப்பாவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை இருந்தது, அதில் பாதி கொடுத்தோம்” என்கிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் வாப்பாவின் அளவு பிள்ளைக்கும், பிள்ளையின் அளவு வீட்டுப் பெரியவருக்கும் பொருந்தாது. இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

நாம் சொல்வது குளோர்பெனிரமின் என்ற மருந்தை. மருந்துக் கடையில் சி.பி.எம். என்பார்கள். அவில் என்று நாம் அறிந்திருக்கும் மாத்திரையும் இதே வகைதான். ஒவ்வாமையின்போது உடலில் ஹிஸ்டமின் என்ற பொருள் வெளிப்பட்டுத் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. இந்த மருந்து அதைத் தடுக்கிறது. ஆனால் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருப்பதும் அதே ஹிஸ்டமின்தான். அங்கும் தடுப்பதால்தான் தூக்கம் வருகிறது.

வேறு நோய் இல்லாத பெரியவருக்கு வழக்கமான அளவு 4 மில்லிகிராம். 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் மொத்தம் 24 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வயது முதிர்ந்தவருக்கு உச்ச அளவு அதில் பாதி, அதாவது 12 மில்லிகிராம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம். ஒரு நாளில் 12-க்கு மேல் கூடாது. 6 வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே வேண்டாம். 2023 டிசம்பரில் நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையை அதன் உறையில் அச்சிட உத்தரவிட்டார்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சிரப்பை வீட்டுக் கரண்டியில் ஊற்றாதீர்கள்; ஒவ்வொரு கரண்டியும் ஒவ்வோர் அளவு. பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். ஊர்ப் பயணத்தில் பிள்ளை தூங்கட்டும் என்று இதைக் கொடுப்பது மிகத் தவறு. அளவு மீறினால் சில பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். மாறாகப் படபடப்பு, பிதற்றல், வலிப்பு வரலாம்.

முதியவர்களின் உடலில் இந்த மருந்து நீண்ட நேரம் தங்கும். இரவில் போட்ட மாத்திரையின் மயக்கம் விடியற்காலையிலும் இருக்கும். பஜ்ருக்கு ஒளூச் செய்ய எழுந்தவர் தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடும். நினைவுக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவையும் வரலாம். பிராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இவர்களுக்குத் தூக்கம் குறைவாகத் தரும் செடிரிசின் போன்றவற்றை மருத்துவர் எழுதக்கூடும். அதுவும் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தாமாக வாங்கிப் போட வேண்டாம். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் மயக்கம் வரலாம்.

இன்னொரு ஆபத்து, தெரியாமலே இரட்டிப்பாகும் அளவு. கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் ஏற்கெனவே கலந்திருக்கிறது. சளிக்கு ஒன்று, அரிப்புக்கு ஒன்று என்று போட்டால் ஒரே மருந்தை இருமுறை போட்டதாகிவிடும். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவர்களுக்கு மயக்கம் இன்னும் கூடும், மூச்சும் மந்தமாகலாம். மாத்திரை போட்டவர் பைக்கோ ஆட்டோவோ ஓட்டக் கூடாது.

ரமலானில் நாம் காண்பதையும் சொல்ல வேண்டும். பகலில் விட்ட மாத்திரையையும் சேர்த்து இஃப்தாரில் இரண்டாகப் போடுகிறார்கள். விட்டது விட்டதுதான், அதை ஈடுகட்டக் கூடாது. ஸஹரில் போட்டுவிட்டுக் காலையில் வண்டி ஓட்டுவதும் ஆபத்து. இஃப்தாருக்கும் ஸஹருக்கும் ஏற்ற வேறு மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பு நோற்க முடியாத நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குணமானபின் களாச் செய்துகொள்ளலாம்.

உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ இந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். அதற்கு உடனே அட்ரினலின் ஊசி வேண்டும். எழுப்பியும் எழாத தூக்கம், வலிப்பு, பிதற்றல் கண்டாலும் 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஆகவே, மாத்திரை கொடுக்குமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இவருக்கு வயது என்ன? வேறு நோய் உண்டா? வேறு மருந்து எடுக்கிறாரா? இதைப் போட்டபின் என்ன வேலை செய்யப் போகிறார்? ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் கொடுக்க வேண்டாம். முகாமுக்கு வாருங்கள், அல்லது மருந்தாளுநரிடம் கேளுங்கள். அட்டையின் பெயரும் மில்லிகிராமும் உள்ள பகுதியைக் கடைசி மாத்திரை வரை வெட்டாமல் வையுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஷிஃபா தருபவன் அல்லாஹ். மருந்தை அளவறிந்து கொடுப்பது நம் மீதுள்ள அமானிதம். நம் குடும்பங்கள் அனைத்துக்கும் அவன் நிறைவான உடல்நலத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.