கோவலூர் தந்த கோமகள்

 

பத்தாம் ஆண்டு விழாவில் நம் மண்ணைச் சார்ந்த பொருள் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று அன்பர்கள் பணித்தார்கள். நம் மாவட்டம் 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமாக மலர்ந்தது. ஆயினும் அதன் எல்லைக்குள் அடங்கிய திருக்கோவலூரோ சங்கப் புலவர்களால் பாடப்பெற்ற ஊர். முதலாழ்வார் மூவர் ஒரு மழையிரவில் கூடிய ஊர். மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊர். அவ்வூரிலிருந்து தஞ்சைச் சோழர் மாளிகைக்கு மருமகளாகச் சென்ற ஓர் அரசியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். சுந்தர சோழரின் தேவியும் முதலாம் இராசராசனின் தாயுமான வானவன் மாதேவியே அவர்.

வானவன் மாதேவி என்னும் பெயர் சோழ அரசியர் பலர்க்கு வழங்கியது. இராசேந்திரனைப் பெற்ற திரிபுவன மாதேவியும் இப்பெயர் பூண்டவரே. ஆதலின் கல்வெட்டுப் படிப்போர் சற்றே விழிப்புடன் இருத்தல் வேண்டும். நாம் பேசுபவர் மலையமான் குலத்தில் பிறந்தவர். கபிலர் பாடிய மலையமான் திருமுடிக்காரியின் வழியினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட குறுநில மன்னர்கள், பெண்ணையாற்றங்கரையில் மலாடு என்னும் நாட்டை ஆண்டுவந்தனர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள், பேரன் ஆதித்த கரிகாலனுக்காகத் துடித்த திருக்கோவலூர் மலையமானை மறந்திருக்க மாட்டார்கள். புதினத்தின் வழியும், 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வந்த திரைப்படங்களின் வழியும் அக்குடும்பத்தை நம் இளைஞர்கள் அறிவர். ஆனால் அவ்வரசியின் முடிவைக் கல்லில் படித்தவர் நம்முள் எத்தனை பேர்?

கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று செய்யுள் நடையில் அமைந்துள்ளது. தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு அது ஒரு புதையல். பாரியின் மகளை மலையமான் குடியில் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்றும், அவ்விடமே பெண்ணையாற்றின் நடுவிலுள்ள கபிலக்கல் என்றும் அது கூறுகின்றது. கபிலர் வடக்கிருந்தார் என்பது நாம் கற்ற செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் மக்கள் அவர் முடிவை வேறு விதமாக நினைவில் வைத்திருந்தார்கள் என்பது இதனால் தெரிகிறது.

அதே கல்வெட்டுத்தான் நம் அரசியின் முடிவையும் சொல்கின்றது. புலியை ஈன்ற மானாக அவரை உவமிக்கின்றது. பால் சுரக்கும் பருவத்துக் குழவியைப் பிரிந்தும், எரியின் நடுவிலும் கணவனைப் பிரியாதவர் என்று போற்றுகின்றது. திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் அவர் கணவனைப் பின்தொடர்ந்ததைக் கூறுகின்றன. காஞ்சிப் பொன்மாளிகையில் சுந்தர சோழர் மறைந்தது ஏறத்தாழ 973 ஆம் ஆண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்தான் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். மகனை இழந்த தாய், கணவனையும் இழந்து தீயில் இறங்கினார்.

இச்செய்யுளை நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் பெருமிதத்தோடு மாணவர்க்கு எடுத்துரைப்பேன். குரலை உயர்த்துவேன், வகுப்பும் அமைதியாகக் கேட்கும். ஒருமுறை மாணவர்களைக் கீழையூருக்கே அழைத்துச் சென்று, கல்வெட்டின் முன் நின்று பேசி முடித்தேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி மெல்லக் கேட்டாள்: "ஐயா, அந்தம்மா நெருப்புல போயிட்டா, பிள்ளைய யாருங்கய்யா பாத்துக்கிட்டது?"

எனக்கு விடை தெரியவில்லை. அச்சிறுமியின் தாய் இளமையிலேயே கணவனை இழந்தவர். மலைச்சரிவில் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதுமுதல் இச்செய்யுளைப் பழைய குரலில் என்னால் சொல்ல இயலவில்லை.

ஆராய்ந்து பார்க்கத் தொடங்கினேன். 985 இல் அரியணை ஏறிய இராசராசன், தந்தை இறந்தபோது பால்குடிக் குழவியாக இருந்திருத்தல் அரிது. எனவே குழவி என்பதைக் கவிஞர் கற்பனையாகவே கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. தியாகத்தைப் பெரிதாக்கிக் காட்டக் கவிஞர்க்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது! அதைவிட முதன்மையான செய்தி ஒன்றுண்டு. சுந்தர சோழரின் மற்றொரு தேவியார், சேரமானார் மகளார், கணவர் மறைந்த பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தார். 1001 ஆம் ஆண்டு வாக்கிலும் அவர் இருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. தீப்புகுதல் சோழ அரசியர்க்குக் கட்டாய நெறியாக இருந்ததில்லை என்பது இதனால் விளங்கும். அச்சேரமகளைப் பற்றி எவரும் மேடையில் பேசுவதில்லை.

அதே மாளிகையில் இன்னோர் அரசி இருந்தார்: கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியார். 957 அளவில் கணவரை இழந்தார்; கையில் மகன் இருந்தான். அவர் தீயை நாடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றினார். கோனேரிராசபுரம், திருக்கோடிகா, ஆடுதுறை, திருவாரூர் அரநெறி எனப் பட்டியல் நீளும். நம் சின்னசேலத்தில் இரயில் ஏறினால் சென்றடையும் விருத்தாசலமும் அவர் திருப்பணி கண்ட தலமே. திருக்கோடிகாவில் பழைய சுவரைப் பிரிக்கும்போது, அதிலிருந்த முற்காலக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். இடிப்பதற்கு முன் எழுத்தைக் காக்க வேண்டும் என்று ஒரு கைம்பெண் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எண்ணியிருக்கிறார். இன்று திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் கல்லெழுத்துகளைத் தேய்ப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அவர் மகன் உத்தம சோழன், சுந்தர சோழர்க்குப் பின் அரசேறினான். இவர்தம் பட்டத்து உரிமையில் பகை இருந்ததாகப் பலர் எழுதுவர். ஆயின் இராசராசன் ஆட்சியிலும் அம்மூதாட்டி மதிப்போடு அறம் செய்து வாழ்ந்தார். இராசேந்திரன் காலத்தில், அவர் பெயரால் அமைந்த ஊரிலேயே அவருக்குத் திருமேனி எடுத்து வழிபட்டனர். வாசிங்டன் பிரீர் கலைக்கூடத்திலுள்ள எழில்மிகு வெண்கலப் படிமம் அவருடையதே என்பாரும் உளர்.

இவ்விடத்தில் கடல் கடந்த ஓர் அரசியையும் நினைவுகூர விரும்புகின்றேன். நம் பகுதிக் கத்தோலிக்க அன்பர்கள் தம் பெண்மக்களுக்கு எலிசபெத்து என்று பெயரிடுவதுண்டு. அப்பெயர் தாங்கிய புனிதையருள் ஒருவர் போர்த்துக்கல் நாட்டு அரசி இசபெல். 1271 இல் அரகோன் அரச குடியில் பிறந்தவர். ஏழையர்க்கு மறைத்து எடுத்துச் சென்ற அப்பம் மலராயிற்று என்று அவரைப் பற்றிக் கதை வழங்கும். கணவர் தினிசு மன்னர் 1325 இல் இறந்ததும் கொயிம்பிராவில் கிளாரா கன்னியர் மடத்தருகே வாழ்ந்து, நோயாளர்க்கும் வறியவர்க்கும் தொண்டாற்றினார். துறவுடை உடுத்தாரே தவிரச் செல்வத்தைத் துறக்கவில்லை. கையில் பொருள் இருந்தால்தான் பிறர்க்கு உதவலாம் என்பது அவர் கருத்து. 1336 இல் தம் மகனுக்கும் மகள் வயிற்றுப் பேரனாகிய காசுத்தீல் மன்னனுக்கும் போர் மூண்டபோது, முதுமையையும் பாராது எசுத்திரெமோசு நகருக்குப் பயணம் செய்தார். அங்கேயே உயிர் நீத்தார். 1625 இல் திருச்சபை அவரைப் புனிதையாக அறிவித்தது. செம்பியன் மாதேவியாரும் இவரும் வேறு வேறு சமயத்தினர். மூன்று நூற்றாண்டு இடைவெளி உடையவர்கள். ஆயினும் கணவனை இழந்த பின்னர்க் கிடைத்த ஆண்டுகளைச் செலவிட்ட முறையில் உடன்பிறந்தார் போல் தோன்றுகின்றனர்.

வானவன் மாதேவியை நான் குறை கூற வரவில்லை. மகனையும் கணவனையும் அடுத்தடுத்து இழந்த ஒரு பெண்ணின் நெஞ்சத்தை இத்தனை தொலைவிலிருந்து அளப்பது யாரால் இயலும்? புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தம்மைத் தடுத்த சான்றோரை நோக்கித் தாமே வாய்திறந்து பாடினார். அவர் முடிவு அவர் சொல்லில் இருக்கிறது. நம் கோவலூர்க் கோமகளுக்கோ பிறர் பாடிய புகழ் மட்டுமே வாய்த்தது. அப்புகழைப் பாடியவர்கள் வாழ்ந்திருந்தார்கள். என் வருத்தமெல்லாம் அவரைப் பாடுகின்ற நம்மைப் பற்றியதே. 1829 இல் சட்டம் வந்த பின்னும், 1987 இல் இராசத்தானத்துத் தேவராலாவில் ஓர் இளம்பெண் எரிந்தாள். அவளைத் தெய்வமாக்கக் கூட்டம் கூடியது. அவ்வாண்டே புதிய சட்டம் இயற்ற நேர்ந்தது. உடன்கட்டையைப் புகழ்ந்து கொண்டாடுவதையும் அது குற்றமாக்கியது. நம் ஊர்ப்புறங்களிலும் தீப்பாய்ந்த அம்மன் கோயில்கள் உண்டு. அங்குக் கற்பூரம் ஏற்றும் கைகளை நான் பழிக்கவில்லை. வகுப்பறையில் குரலை உயர்த்திய என் பழைய பெருமிதத்தைத்தான் திரும்பப் பெற்றுக்கொள்கின்றேன்.

மகள் குந்தவை செய்தது என் நெஞ்சைத் தொடுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்மாளிகைத் துஞ்சிய தேவராகிய தந்தைக்கும், தம் தாய்க்கும் படிமங்கள் செய்து வைத்தார். அக்கல்வெட்டில் நெருப்பைப் பற்றிய பேச்சே இல்லை. தந்தை பெயரால் தஞ்சையில் மருத்துவசாலையும் அமைத்தார். திண்டிவனம் அருகே தாதாபுரத்தில் சிவன், திருமால், சமணர் ஆகிய மூவர்க்கும் கோயில் எடுத்தார். பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார் என்ற மலைநாட்டு மாணவியின் வினாவிற்கு, அந்த அக்காளைத்தான் நான் விடையாக எண்ணிக்கொள்கின்றேன். சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

வட்டத்தின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டுக் கூட்டம் ஒன்றைக் கீழையூர்க் கோயில் முற்றத்தில் வைத்துக்கொள்வோம். தியாகதுருகம் வழியாகப் பேருந்தில் சென்றால் காலையிலேயே சேர்ந்துவிடலாம். கல்வராயன் மலைப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வருவோம். கல்வெட்டை அவர்களே எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். நாம் சற்றே தள்ளி நின்று, அவர்கள் கேட்பவற்றைக் கேட்போம்.